சக்சாய்வாமான் கற்களை உருக்கித்தான் ஊற்றினார்களா?

பெரு நாட்டில் குஸ்கோ நகரத்துக்கு மேலே இருக்கிற சக்சாய்வாமான் சுவரைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, மாடு குதிரை கிடையாது, சாந்தும் வைக்கவில்லை. அப்படியிருக்க நூறு டன் கல்லைப் பேப்பர் நுழையாத அளவுக்கு எப்படிப் பொருத்தினார்கள், கல்லை உருக்கி அச்சில் ஊற்றினார்கள் என்கிறார்களே, இன்றைக்கும் நம்மால் முடியாது என்கிறார்களே, நிஜமா என்று. பார்த்தால் ஒரு கேள்விதான், ஆனால் உள்ளே நாலு கேள்வி சுருண்டு கிடக்கிறது: எதைக் கொண்டு கல்லைச் செதுக்கினார்கள், எப்படிப் பொருத்தினார்கள், எப்படி நகர்த்தினார்கள், கட்டியது ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள்தானா. முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் பதில் ஏறக்குறைய முடிந்துபோன விஷயம். நடுவில் உள்ள இரண்டில்தான் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. வீடியோ போடுகிறவர்கள் அந்த நடு இரண்டில் உள்ள சந்தேகத்தை எடுத்து மொத்தக் கதைக்கும் பூசிவிடுகிறார்கள்.

நான் சிவில் என்ஜினியர். பழைய கற்கட்டடங்களைப் பழுதுபார்க்கிற வேலையில்தான் பெரும்பகுதிக் காலம் போயிருக்கிறது. தொல்லியல் படித்தவன் இல்லை, இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழி தெரியாது, ஸ்பானியர்கள் எழுதிவைத்த பழைய குறிப்புகளை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். குஸ்கோ போய் இந்தச் சுவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே கல், மூட்டு, பாரம் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். இன்காக்களின் சமயம், அரசாட்சி பற்றி ஏதாவது வாய்விட்டால் அதை வேறு ஆளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செதுக்குவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதலில் ஒன்று, 'இன்கா கல்' என்று ஒரே கல் கிடையாது. சக்சாய்வாமானின் ராட்சதக் கற்கள் சுண்ணாம்புப் பாறை, அக்கம்பக்கத்திலேயே எடுத்தது. குஸ்கோ நகரத்துக்குள் இருக்கிற நேர்த்தியான சுவர்களில் பெரும்பாலும் ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறை. அதில் ஒரு பெரும்பங்கு நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள ருமிகோல்கா என்ற சுரங்கத்திலிருந்து வந்தது. இன்னொரு இன்கா தலமான ஒல்லந்தாய்தம்போவில் நிற்கிற ஆறு பெரிய பலகைக் கற்கள் ரயோலைட் என்ற இளஞ்சிவப்பு எரிமலைப் பாறை. இந்த மூன்றும் கடினத்திலும் உடைகிற விதத்திலும் வேறு வேறு. 'எல்லாமே கிரானைட், வைரம் இல்லாமல் வெட்ட முடியாது' என்று ஒரு வீடியோவில் வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். மச்சு பிச்சுதான் கிரானைட், அதுவும் அந்த மலையிலேயே பிளந்து கிடந்த கல்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த ழான்-பியேர் ப்ரோட்சன் 1980களில் இந்தச் சுரங்கங்களில் போய் உட்கார்ந்தார். அங்கே பாதி செதுக்கிய கற்கள் கிடக்கின்றன, கூடவே அந்தச் சுரங்கத்தைச் சேராத வேறு வகைக் கற்களும் கிடக்கின்றன: உருண்டையான ஆற்றுக் கற்கள், குவார்ட்சைட் மாதிரியானவை, சில நூறு கிராமிலிருந்து எட்டு கிலோ வரை, முனையில் அடிபட்ட தழும்போடு. அதுதான் சுத்தியல். அவர் ஏறக்குறைய நாலு கிலோ எடையுள்ள அப்படி ஒரு கல்லை எடுத்து, ஓரடிக்குக் கொஞ்சம் குறைவான நீளமுள்ள ஆண்டிசைட் துண்டை அடித்துப் பார்த்தார். மூன்று பக்கம் தட்டையாக்கி, ஐந்து விளிம்பும் எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அவர் தொழில்முறைக் கல்தச்சர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சூட்சுமம் பலத்தில் இல்லை. சுத்தியல் கல்லை இறுக்கிப் பிடிக்காமல் தன் எடையிலேயே விழவிடவேண்டும், படுகிற நேரத்தில் மணிக்கட்டை லேசாகத் திருப்பவேண்டும், அப்போது நேராக இடிபடாமல் சாய்வாகப் பட்டு ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து வரும். அடித்த வேகத்தில் சுத்தியல் தானாகவே எகிறி மேலே வந்துவிடும். சுத்தியல் கல் செதுக்கப்படுகிற கல்லைவிடக் கடினமாக இருக்கவேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. உடையாமல் தாங்குகிற தன்மை அதிகமாக இருந்தால் போதும், ஏனென்றால் நாம் அறுக்கவில்லை, நசுக்கிப் பெயர்க்கிறோம். அம்மி கொத்துவதை நேரில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், என்ன, அங்கே உளி, இங்கே உருண்டைக் கல்.

குஸ்கோ சுவருக்கு அரையடி தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கொத்துப் புள்ளிகள் அப்படியே தெரிகின்றன. கல்லின் நடுப்பகுதியில் புள்ளி பெரிதாக, ஆழமாக இருக்கும். விளிம்பை நெருங்க நெருங்கச் சின்னதாகி, மூட்டுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக முடியும். காரணம் எளிது. விளிம்பில் பெரிய சுத்தியலால் அடித்தால் மூலை பெயர்ந்து போகும், அதனால் அங்கே சின்னக் கல்லை எடுத்து உரசுகிற மாதிரி அடித்திருக்கிறார்கள். அதே காரணத்தால்தான் அவர்கள் விளிம்பைத் தொண்ணூறு பாகைக் கூர்முனையாக விடாமல் கொஞ்சம் விரிந்த கோணத்தில் எடுத்தார்கள். அப்படி எடுத்த இரண்டு கற்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் மூட்டு உள்வாங்கியும் கல்முகம் புடைத்தும் தெரியும். 'பாருங்கள், மாவு பிதுங்கின மாதிரி இருக்கிறது, இது கல் மெத்தென்று இருந்தபோது அழுத்தியது' என்று வீடியோவில் காட்டுகிறார்களே, அது இதுதான். விளிம்பு உடையாமல் இருக்கச் செய்த தற்காப்பு அது.

உருக்கிய கதைக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் பதில் உண்டு. சுண்ணாம்புப் பாறையைச் சூடாக்கினால் அது உருகாது. சுமார் 900 டிகிரியில் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும், தண்ணீர் பட்டால் நீறிப்போகும். அதைத் திரும்பப் பழைய பாறையாக, பழைய படிவ அமைப்போடு கொண்டுவரவே முடியாது. ஆண்டிசைட் உருகும், ஆயிரம் டிகிரிக்கு மேல். ஆனால் உருகி ஆறினால் உள்ளே இருக்கிற படிகங்களின் அமைப்பு மாறிவிடும், சீக்கிரம் ஆறினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சுவரில் இருக்கிற கல்லும் சுரங்கத்தில் இருக்கிற கல்லும் ஒரே அமைப்போடுதான் இருக்கின்றன. அப்புறம் 3,700 மீட்டர் உயரத்தில், மரம் குறைவான இடத்தில், அவ்வளவு விறகுக்கு எங்கே போவது? ஏதோ ஒரு செடியின் சாறு கல்லைக் களிமண் ஆக்கும் என்ற கதை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பயணிகள் வழியாகப் பரவினது. சுண்ணாம்புப் பாறை அமிலத்தில் கரையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரையும், அவ்வளவுதான். குழைந்து நின்று நாம் சொன்ன வடிவத்துக்கு வந்து திரும்பவும் இறுகாது. ஆண்டிசைட்டை எந்தச் செடிச் சாறும் அசைக்காது.

இரும்பு இல்லை என்பது சரி. ஆனால் உலோகமே இல்லை என்பது தப்பு. இன்காக்களிடம் வெண்கலம் இருந்தது, வெண்கலக் கடப்பாரைகள் கிடைத்திருக்கின்றன. செதுக்க வெண்கலம் பயன்படாது, முனை மழுங்கிவிடும்; ஆனால் இயற்கையாகவே விரிசல் விட்டிருக்கிற பாறையை நெம்பி எடுக்க அது போதும். ருமிகோல்கா பாறை அப்படித்தான் விரிசல் விட்டு நிற்கிறது, நெம்பினால் கையோடு வருகிற பாறை.

சரி, பொருத்துவது. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும், ஏனென்றால் இரண்டு நல்ல விளக்கங்கள் இருக்கின்றன, இரண்டும் முழுத் திருப்தி தருவதில்லை. ப்ரோட்சன் சொல்வது: மேலே வைக்கப்போகிற கல்லின் அடிப்பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, அதன் வடிவத்துக்கு ஏற்றமாதிரி கீழே உள்ள வரியின் மேல்பக்கத்தைக் குடைந்தார்கள். கல்லை இறக்கிவைத்துப் பார்ப்பது, தூக்குவது, செதுக்கும்போது விழுந்த தூள் எங்கே அழுந்தியிருக்கிறதோ அங்கே இன்னும் கொத்துவது, மறுபடி இறக்குவது. அலுப்பான வேலைதான், ஆனால் வேலை தெரிந்தவனுக்கு நாலைந்து முறையில் பிடிபட்டுவிடும். இதற்குச் சாட்சியும் உண்டு. ஹோசே டி அகோஸ்தா என்ற ஏசுசபைப் பாதிரியார் 1590இல் வெளியான தன் புத்தகத்தில், இந்தக் கற்களைப் பலமுறை வைத்து வைத்துப் பார்க்காமல் இப்படிப் பொருத்தியிருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்.

ஒரு டன், இரண்டு டன் கல்லுக்கு இது சரி. நூறு டன் கல்லை நாலுமுறை இறக்கி ஏற்றுவது என்பதை என்ஜினியராக என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் வின்சென்ட் லீ இந்த இடத்தைப் பிடித்துத்தான் வேறு யோசனை சொன்னார்: பெரிய கல்லை மரக்கட்டை அடுக்கின் மேல், அது உட்காரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலாக நிறுத்திவைத்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள கோலில் தூக்குக்குண்டு கட்டி, ஒரு கல்லின் விளிம்பை அப்படியே இன்னொரு கல்லுக்கு நகலெடுத்தார்கள் என்பது. மரவீடு கட்டுகிறவர்கள் மரத்தின் மேல் மரம் பொருத்தும்போது இதே உத்தியைத்தான் கையாளுகிறார்கள். கல்லை ஒரே ஒரு தடவை இறக்கினால் போதும். அழகான யோசனை, வேலைக்கும் ஆகிறது. ஆனால் இன்காக்கள் அப்படித்தான் செய்தார்கள் என்பதற்கு நேரடித் தடயம் கிடையாது. பெரிய கற்களின் கீழ்ப்பகுதியில் அங்கங்கே தெரிகிற குமிழ்களும் பள்ளங்களும் முட்டுக் கொடுக்கவோ நெம்பவோ வைத்தவை என்று இரண்டு தரப்புமே தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம். என் சொந்த அபிப்பிராயம், சின்னக் கல்லுக்கு ஒரு முறை, ராட்சதக் கல்லுக்கு வேறு முறை. ஒரே தளத்தில் ஒரே மேஸ்திரி இரண்டு வேலைக்கு இரண்டு வழி பிடிப்பது எங்கேயும் நடக்கிறதுதான். ஆனால் இது அபிப்பிராயம், நிரூபணம் இல்லை.

அந்தப் 'பேப்பர் நுழையாது' விஷயத்தையும் கொஞ்சம் குறைத்து வாசிக்கவேண்டும். படுக்கை மூட்டு, அதாவது கல்லின் மேல் கல் உட்கார்கிற இடம், பெரும்பாலும் உள்வரைக்கும் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. பாரம் இறங்குவது அங்கேதான், ஆகவே அங்கே சமரசம் செய்ய முடியாது. பக்கவாட்டில் இருக்கிற நிற்கும் மூட்டுகள் பல இடங்களில் முகப்பிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான் நெருக்கமாக இருக்கின்றன; பின்னால் இடைவெளி விட்டு, சல்லியும் களிமண்ணும் போட்டு அடைத்திருக்கிறார்கள். பார்க்கிறவன் கண்ணுக்குப் படுகிற இடத்தில் உழைப்பு, படாத இடத்தில் சிக்கனம். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் உண்மையான கொத்தனார்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். தவறுகளும் உண்டு. மச்சு பிச்சுவில் முதன்மைக் கோயில் என்று சொல்லப்படுகிற கட்டடத்தில் ஒரு மூலையில் கடைக்கால் இறங்கி, சுவரின் மூட்டுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. மேலே எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கினாலும் கீழே மண் இறங்கினால் சுவர் என்ன செய்யும்?

நகர்த்துவதற்கு வருவோம். சக்சாய்வாமானின் பெரிய கற்கள் பக்கத்திலேயே எடுத்தவை என்பதால் அங்கே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. எவ்வளவு எடை என்பதற்கு ஆளுக்கு ஒரு கணக்கு உண்டு. யாரும் தராசில் வைத்து நிறுக்கவில்லை, அளந்து பெருக்கியதுதான். மிகப்பெரியது நூறு டன்னைத் தாண்டும் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். சக்கரம் இருந்திருந்தாலும் அந்தச் சரிவில், அந்த எடைக்கு, மர அச்சு நொறுங்கியிருக்கும். லாமா என்ற அங்கத்துச் சுமைவிலங்கு முப்பது கிலோவுக்கு மேல் சுமந்தாலே பெரிய விஷயம். ஆகவே மனிதர்களும் கயிறும்தான்.

கயிறு என்றதும் அலட்சியமாக நினைக்கவேண்டாம். இன்காக்களின் உச்சத் தொழில்நுட்பம் எது என்று என்னைக் கேட்டால் கல்லைவிடக் கயிற்றைத்தான் சொல்வேன். அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாகா என்று ஒரு தொங்குபாலம் இன்றைக்கும் இருக்கிறது, முழுக்க முழுக்கப் புல்லால் ஆனது. சுற்றியுள்ள நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் ஜூன் மாத வாக்கில் பழையதை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு இச்சுப் புல்லை முறுக்கி விரல் தடிமனுள்ள கயிறு கொண்டுவருவார்கள். அந்தக் கயிறுகளைச் சேர்த்து முறுக்கி அடுத்த தடிமன், அதில் மூன்றைச் சேர்த்துப் பின்னித் தொடை தடிமனுள்ள வடம். அந்த வடத்தை இக்கரையிலும் அக்கரையிலும் நின்று ஊரே இழுத்துக் கட்டுகிறது. சுமார் 30 மீட்டர் நீளம். 2013இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. புல்லிலேயே இது முடிகிறதென்றால், தோலும் கற்றாழை நாரும் கொண்டு திரித்த வடங்கள் எதைத் தாங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோல், நார் வடங்களை நானாகச் சொல்லவில்லை. 1550 வாக்கில் குஸ்கோவில் விசாரித்து எழுதிய பெட்ரோ சியெசா டி லியோன் என்ற ஸ்பானியர் சொல்கிறார்: சக்சாய்வாமான் வேலைக்கு 20,000 பேரை முறைவைத்து அழைத்தார்கள், 4,000 பேர் கல் எடுத்துச் செதுக்க, 6,000 பேர் தோலிலும் நாரிலும் செய்த பெரிய வடங்களால் இழுக்க, மிச்சப் பேர் கடைக்கால் தோண்ட, மரம் வெட்ட. எண்கள் அப்படியே சரியாக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் வேலைப் பங்கீடு ஒரு கட்டுமானத் தளத்தின் கணக்காகவே இருக்கிறது. குடும்பத்துக்கு ஆள் என்று சுழற்சி முறையில் வந்து அரசுக்கு உழைப்பைக் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வரி. குஸ்கோவில் 1539இல் பிறந்து, அந்த இடிபாடுகளில் விளையாடி வளர்ந்து, பின்னால் ஸ்பெயினில் போய்ப் புத்தகம் எழுதிய கார்சிலாசோ டி லா வேகா இன்னொரு விஷயம் சொல்கிறார். ஒரு பெரிய கல்லை இழுத்துவரும்போது பாதிப் பேர் முன்னால் இழுக்க, பாதிப் பேர் பின்னால் வடத்தைப் பிடித்து அது சறுக்காமல் தடுத்தார்களாம். ஒரு சரிவில் பிடி நழுவிக் கல் உருண்டு மூவாயிரம் நாலாயிரம் பேர் நசுங்கிச் செத்தார்களாம். மூவாயிரம் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் பின்னால் ஆள் நிறுத்தித் தடுக்கிற ஏற்பாட்டைக் கதைசொல்லி கற்பனை செய்திருக்க வாய்ப்பு குறைவு; சரிவில் பாரம் இறக்குகிற எவனும் அதைத்தான் செய்வான்.

ஒல்லந்தாய்தம்போதான் உண்மையான சோதனைக்களம். கச்சிகாத்தா சுரங்கம் உருபம்பா ஆற்றுக்கு அக்கரையில் மலைச்சரிவில் இருக்கிறது. அங்கிருந்து கல்லைக் கீழே சறுக்கவிட்டு, ஆற்றைக் கடந்து, இந்தப் பக்கம் சாய்தளத்தில் மேலே ஏற்றியிருக்கிறார்கள். வழிநெடுக விட்டுப்போன கற்கள் கிடக்கின்றன, அங்கே அவற்றுக்குக் 'களைத்த கற்கள்' என்று பேர். அதில் சிலவற்றின் அடிப்பக்கம் ஒரே திசையில் நீளமான கீறல்களோடு வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. மரச்சட்டத்திலோ உருளையிலோ வைத்திருந்தால் அப்படித் தேயாது. தரையில் நேராக இழுத்திருக்கிறார்கள். உருக்கி ஊற்றினவர்கள் எதற்குக் கல்லை மலையிலிருந்து இழுத்துவந்து பாதிவழியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்று அந்த வீடியோக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 100 டன் கல், சரளைத் தரையில் உராய்வு எழுபது சதவீதம், சாய்தளம் பத்துப் பாகை ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் இழுக்கவேண்டிய விசை சுமார் 86 டன். ஆளுக்கு 50 கிலோ என்றால் 1,700 பேர். ப்ரோட்சன் தன்னுடைய கணக்கில் 1,800 பேர் என்ற அளவுக்கு வந்தார். தரையில் ஈரக் களிமண் பூசி உராய்வைப் பாதியாக்கினால் ஆயிரம் பேர் சொச்சத்தில் முடியும். ஆயிரத்தெழுநூறு பேர் இன்கா அரசுக்குப் பெரிய எண்ணிக்கையே இல்லை. பிரச்சினை இடம். நாலு வடம், வடத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் என்றால் ஒரு வரிசைக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு மீட்டர் விட்டால் இருநூறு மீட்டருக்கு மேல் நீளும் கூட்டம். கல் சாய்தளத்தின் கடைசிப் பகுதிக்கு வரும்போது அந்தக் கூட்டம் எங்கே நின்றிருக்கும், திருப்பத்தில் வடத்தை எப்படி வளைத்தார்கள்? இதுதான் நிஜமான புதிர், இதை ஆய்வாளர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள். கம்பத்தில் வடத்தைச் சுற்றித் திசைதிருப்பினார்களா, நெம்புகோலால் விரல்கடை விரல்கடையாக நகர்த்தினார்களா என்று ஊகங்கள் உண்டு. எனக்கு நெம்புகோல் பக்கம் கொஞ்சம் சாய்வு, கடைசி ஐம்பது மீட்டருக்கு மட்டும்.

சுவரில் மேலே ஏற்றுவதற்கு மட்டும் ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. பெர்னாபே கோபோ என்ற பாதிரியார், பதினேழாம் நூற்றாண்டில் குஸ்கோ பேராலயம் கட்டிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தவர். அங்கே வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் பாரந்தூக்கி எதுவும் கேட்காமல், தங்கள் பழைய வழக்கப்படி, சுவர் உயர உயரப் பக்கத்தில் மண்மேடு போட்டு அதன் மேல் கல்லை ஏற்றினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பிரமிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, மண்ணும் ஆளும்தான்.

கட்டியது யார் என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்கா நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி பிஸாரோவின் செயலராக வந்த பெட்ரோ சாஞ்சோ 1534இலேயே இந்தச் சக்சாய்வாமான் கோட்டையைப் பார்த்து, மலைத்துண்டுகள் மாதிரி கற்கள் என்று வாய்பிளந்திருக்கிறார். 1536இல் இன்கா அரசர் மன்கோ இன்கா குஸ்கோவை முற்றுகையிட்டபோது இந்தக் கோட்டையைப் பிடிக்கப் போய்த்தான் பிஸாரோவின் தம்பி ஹுவான் செத்தார். அதற்கப்புறம் ஸ்பானியர்கள் இதையே கல்சுரங்கமாக்கி, தூக்க முடிந்த கல்லையெல்லாம் தேவாலயத்துக்கும் வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள். இன்று நாம் பார்ப்பது அவர்களால் அசைக்க முடியாத மிச்சம், அதனால்தான் அங்கே எல்லாமே ராட்சதக் கல்லாகத் தெரிகிறது. மேலே நின்ற கோபுரங்களின் அடித்தளம் மட்டும் 1934 அகழ்வில் வெளிவந்தது. இன்காக்களுக்கு முன்னால் கில்கே என்று சொல்லப்படுகிற மக்கள் அதே இடத்தில் இருந்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் பத்தாயிரம் வருடத்துக்கு முந்தைய மறைந்த நாகரிகம் என்பதற்கு ஒரு பானை ஓடுகூடக் கிடையாது.

'கீழே பெரிய கல், மேலே சின்னக் கல், ஆகவே கீழே இருப்பது பழைய நாகரிகம்' என்று ஒரு வாதம் வரும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அகழ்வுத் தளங்களில் மேல்வரிகள் பெரும்பாலும் பிற்காலப் பழுதுபார்ப்பு, சில இடங்களில் இருபதாம் நூற்றாண்டு மறுகட்டுமானம். இன்காக்களே ஒரே காலத்தில் பல தரத்தில் கட்டினார்கள்: கோயிலுக்கும் அரண்மனைக்கும் இழைத்த கல், தாங்குசுவருக்குப் பலகோணக் கல், சாதாரண வீட்டுக்குச் சேறு வைத்த கரடுமுரடான கல். பணத்துக்கேற்ற பணியாரம். கல்லைச் செதுக்கிய தேதியைக் கல்லிலிருந்து நேரடியாக எடுப்பது கஷ்டம் என்பதும் உண்மைதான். அடியில் கிடக்கிற கரி, எலும்பு, பானை ஓடு வழியாகத்தான் காலம் குறிக்கிறோம். மச்சு பிச்சுவில் கிடைத்த எலும்புகளின் கார்பன் தேதிகள் 1420 வாக்கிலிருந்து 1530 வரை என்று 2021இல் வெளியாகின, பழைய கணிப்பைவிட ஒரு இருபது முப்பது வருடம் முன்னால். இந்த அளவுக்குத்தான் தேதிகள் ஆட்டம் காண்கின்றன.

பூமா புங்குவை இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அது பொலிவியாவில், டிட்டிகாக்கா ஏரிப் பக்கம், திவானாகு மக்கள் கட்டியது, இன்காக்களுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அங்கே ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்த கற்கள், கற்களைப் பிணைக்க உலோகக் கவ்விகள், முற்றிலும் வேறு யோசனை. அதைப் பதினேழாயிரம் வருடப் பழையது என்று ஆர்தர் போஸ்னான்ஸ்கி ஒரு காலத்தில் நட்சத்திரக் கணக்கு போட்டுச் சொன்னார், அந்தக் கணக்கு இன்று தொல்லியலில் யாரிடமும் செல்லாது. அங்கே கற்கள் வார்க்கப்பட்டவை என்று ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் தலைமையில் 2019இல் கட்டுரைகள் வந்தன. பெரும்பாலான தொல்லியலாளர்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அது பரிசோதனைக்கூடத்தில் மோதிப் பார்க்கக்கூடிய வாதம், யூடியூப் வகை இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

நிலநடுக்கத்தை இந்தச் சுவர்கள் எப்படித் தாங்கின என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 1650இலும் 1950இலும் குஸ்கோவில் பெரிய நிலநடுக்கம். 1950இல் கோரிகாஞ்சா கோயிலின் மேல் கட்டியிருந்த சாந்தோ தொமிங்கோ தேவாலயம் நன்றாகச் சேதமாகி, அடியிலிருந்த இன்கா சுவர்கள் வெளியே தெரிந்தன. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது, அடி அகலமாக இருப்பது, வாசலும் மாடமும் மேலே குறுகியிருப்பது, சாந்து இல்லாததால் கற்கள் கொஞ்சம் ஆடிவிட்டுத் திரும்ப உட்கார்வது, எல்லாமே உதவும். இதையெல்லாம் நிலநடுக்கத்துக்கென்றே வடிவமைத்தார்களா என்றால் உறுதியாகச் சொல்லமாட்டேன். விழுந்த சுவர்களும் இருந்திருக்கும், அவற்றை நாம் பார்ப்பதில்லை. நின்றதை மட்டும் பார்த்துவிட்டு 'அந்தக் காலத்தில் கட்டினது எதுவும் விழாது' என்பது எங்கள் தொழிலில் தினமும் கேட்கிற பேச்சு.

கடைசியாக, இன்றைக்கு நம்மால் முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆயிரம் டன் தூக்குகிற கிரேன் வாடகைக்கு வருகிறது, கல்லின் வடிவத்தை லேசரால் அளந்து வைரக்கம்பியால் அறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு வடிவம், ஒவ்வொரு மூட்டும் தனி வேலை. டெண்டரில் சதுரமீட்டருக்கு என்ன விலை போடுவீர்கள்? நான் மதிப்பீடு போட்டால் அந்த ஃபைல் முதல் மேசையிலேயே திரும்பி வந்துவிடும். குஸ்கோவில் அதற்குக் கூலி பணமாகப் போகவில்லை; முறைவைத்து வந்த ஆட்களுக்குச் சாப்பாடும் சோள பீரும் துணியும் அரசு கொடுத்தது.